பலகை ஒருவரிடம், பேரேடு ஒருவரிடம்

நமது சங்கத்தின் வரும் பொதுக்குழுவில், அன்றாட விலை நிலவரத்தையும் சரக்கு வரத்துச் செய்திகளையும் உறுப்பினர்களுக்குத் தெரிவிக்கச் சங்கமே சொந்தமாக ஒரு சர்வர் வைத்துக்கொள்ளலாமா என்ற பொருள் விவாதத்துக்கு வருகிறது. உறுப்பினர்களின் பிள்ளைகள் நால்வர், சம்பளம் எதுவும் வாங்காமல் அமைத்துத் தருவதாக முன்வந்திருக்கிறார்கள். "வாட்ஸ்அப் குழு இருக்கும்போது இது எதற்கு?" என்று ஒரு சாராரும், "ஏதாவது ஒரு கம்பெனியிடம் விட்டுவிட்டு நாம் வியாபாரத்தைப் பார்ப்போம்" என்று மற்றொரு சாராரும் பேசி வருகிறார்கள். இரு சாராருக்கும் நான் ஒன்று சொல்ல விரும்புகிறேன். 2021-ஆம் ஆண்டில் வெளிநாட்டில் நடந்த ஒரு விவகாரத்தைத் தெரிந்துகொண்ட பிறகு கை தூக்குங்கள். கணினித் துறையில் இருக்கும் என் இளைய மகனிடம் பல இரவுகள் கேட்டுத் தெரிந்துகொண்டதை நம் பாஷையில் எழுதுகிறேன்.

சர்வர் என்றதும் நம்மில் பலருக்குக் காபி கொண்டு வருபவர்தான் நினைவுக்கு வருவார். வேலையும் ஏறக்குறைய அதுதான். எப்போதும் விழித்திருந்து, கேட்பவர்களுக்குக் கேட்டதை எடுத்துக் கொடுக்கும் கணினிக்குச் சர்வர் என்று பெயர். பல பேர் ஒரே நேரத்தில் எழுத்தில் பேசிக்கொள்வதற்கு ஐ.ஆர்.சி. என்ற முறையை 1988-இல் பின்லாந்து நாட்டின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்கரினென் என்பவர் உண்டாக்கினார். இன்றைய செல்போன் குழுக்களுக்கெல்லாம் அது தாத்தா முறை. பல சர்வர்களை ஒன்றோடொன்று கோத்துவிட்டால், ஒரு சர்வரில் ஒருவர் சொன்னது எல்லா சர்வர்களிலும் உள்ளவர்களுக்குப் போய்ச் சேரும். ஒரு மார்க்கெட்டில் பல தெருக்கள் இருப்பது போலவும், எந்தத் தெருவில் விலை கூவினாலும் எல்லாத் தெருவிலும் கேட்பது போலவும் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறையில் நடந்து வந்த இடங்களில் ஒன்று ஃபிரீநோடு. 1990-களில் லினக்ஸ் பற்றிச் சந்தேகம் கேட்பவர்களுக்கு உதவி செய்ய ராப் லெவின் என்ற அமெரிக்கர் தொடங்கிய சிறு குழு அது. 2002-இல் ஃபிரீநோடு என்று பெயர் பெற்றது. லெவின் 2006-இல் சைக்கிளில் போகும்போது கார் மோதி இறந்துபோனார். அதன் பிறகும் தொண்டர்கள் நடத்தினார்கள், இடம் வளர்ந்தது. விக்கிப்பீடியா, உபுண்டு, ஜென்டூ என்று இலவச மென்பொருள் உலகத்தின் பெரிய பெயர்களெல்லாம் அங்கே ஆளுக்கொரு அறை வைத்திருந்தன. அறைகளின் எண்ணிக்கை பல ஆயிரம்.

இதில் வியாபாரிகள் கவனிக்க வேண்டியது அந்த இடத்தின் அமைப்பு. சர்வர் கணினிகள் பல்வேறு கம்பெனிகளும் நிறுவனங்களும் இனாமாகக் கொடுத்தவை. வேலை செய்தவர்கள் சம்பளமில்லாத் தொண்டர்கள். இரவு இரண்டு மணிக்குக் கலாட்டா செய்பவனை வெளியேற்றுவதும், கடவுச்சொல்லை மறந்தவருக்கு வழி சொல்வதும், சர்வர் படுத்தால் எழுப்புவதும் அவர்களே. அப்படியானால் உரிமையாளர் யார்? இந்தக் கேள்வியை வெகுகாலம் யாரும் கேட்கவில்லை. முன்பு அதற்கென்று லாப நோக்கமில்லாத ஓர் அமைப்பு இருந்தது, அது 2013-இல் கலைக்கப்பட்டது. பிறகு இங்கிலாந்தில் ஃபிரீநோடு பெயரில் ஒரு லிமிடெட் கம்பெனி பதிவாயிற்று. மாநாடு நடத்துவதற்காகத்தான் அந்தக் கம்பெனி என்று தொண்டர்கள் எண்ணியிருந்தார்கள். 2017-இல் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் அந்தக் கம்பெனியை ஆண்ட்ரூ லீ என்ற அமெரிக்கத் தொழிலதிபருக்குக் கைமாற்றிக் கொடுத்தார். என்ன நிபந்தனை, என்ன தொகை என்பது தொண்டர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை.

2021 மார்ச்சில் அந்தத் தலைவர் விலகினார். அதன் பிறகுதான் விவகாரம் வெடித்தது. இடம் தமக்குச் சொந்தம் என்றார் லீ. தாம் பல ஆண்டுகள் பணம் போட்டு ஆதரித்ததாகவும், எதையும் அபகரிக்கவில்லை என்றும் அவர் தரப்பு கூறிற்று. வக்கீல் மூலம் நெருக்கடி வந்ததாகத் தொண்டர்கள் எழுதினார்கள். யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. பணம் கொடுத்து வாங்கியவன் தன் பொருளைக் கேட்பான், அதை வியாபாரியான நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் வாங்கியது என்ன? கம்பெனியின் பெயரும் இணைய முகவரியும் அவர் கைக்குப் போயின. கணினிகள் பிறர் கொடுத்தவை, உழைப்பு தொண்டர்களுடையது, கூட்டம் தானாக வந்தது. நம் கடைத்தெருவில் ஒரு மண்டியை விலை பேசினால் சரக்கு இருப்பு, பாக்கிப் பட்டியல், நன்மதிப்பு என்று தனித்தனியாகக் கேட்போம். அங்கே அந்தப் பட்டியலே போடப்படவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

19.5.2021 அன்று தொண்டர்களில் பெரும்பாலோர் விலகினார்கள். அன்றே லிபெரா சாட் என்ற புதிய இடத்தைத் திறந்துவிட்டார்கள்.

ஒரே நாளில் எப்படி முடிந்தது என்று மகனைக் கேட்டேன். திறந்ததுதான் ஒரே நாள், அதற்கு முன்னும் பின்னும் வேலை இருந்தது என்றான். கணினி கிடைப்பது பெரிய காரியம் அல்லவாம். பழைய இடத்துக்கு இனாமாகக் கொடுத்தவர்களில் பலர் ஆட்களை நம்பிப் புதிய இடத்துக்கும் கொடுத்தார்கள். மென்பொருளும் யாருடைய பூட்டுக்கும் அடங்காத பொதுச் சொத்து, அதை ஓட்டிப் பழகிய கைகளும் அதே கைகள். (பழைய இடத்தில் சர்வர்களுக்கு அறிவியல் கதை எழுத்தாளர்களின் பெயரை வைத்திருந்தார்கள். புதிய இடத்தில் வெள்ளி, செம்பு, ஈயம் என்று உலோகங்களின் பெயர். கேட்டதும் எனக்குப் பாத்திரக்கடை ஞாபகம் வந்தது.) கஷ்டமெல்லாம் பேரேட்டில் இருந்தது.

இன்னார் இந்தப் பெயரில் வருபவர், இந்த அறை இன்னாருடையது என்று பதிந்து வைக்கும் பேரேடு ஒன்று அப்படிப்பட்ட இடங்களில் உண்டு. அது பழைய இடத்தில் இருந்துவிட்டது. புதிய இடத்தில் முதல் பக்கம் வெள்ளை. வந்தவர்கள் ஒவ்வொருவரும் பெயரைப் புதிதாகப் பதிய வேண்டும். அப்படி என்றால் முந்திக்கொண்டவன் எந்தப் பெயரையும் பிடித்துக்கொள்ளலாமே? புகழ்பெற்ற கடையின் பெயரைப் புதுத் தெருவில் வேறொருவன் எழுதி மாட்டிவிட்டால் என்ன ஆகும்? இதற்கு அவர்களிடம் பழைய காலத்து வழக்கம் ஒன்று கைகொடுத்தது. ஒரு திட்டத்துக்கோ அமைப்புக்கோ உரிய அறையின் பெயருக்கு முன் ஹாஷ் குறி ஒன்று. பொதுவாக ஒரு விஷயத்தைப் பேசும் அறைக்கு இரண்டு. ஒற்றைக் குறிப் பெயரை யார் முதலில் பிடித்திருந்தாலும், அந்த அமைப்பின் பிரதிநிதி வந்து, தன் அமைப்பின் சொந்த இணையதளம் போன்ற இடத்திலிருந்து ஆதாரம் காட்டினால் அவருக்கே உரிமை. இந்த விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. ஒவ்வொன்றையும் தொண்டர்கள் ஆதாரம் பார்த்துப் பதிவு செய்தார்கள். வேறு வேலையில் சம்பாதித்துச் சாப்பிடுகிறவர்கள், ராத்திரியில் கண் விழித்துச் செய்த வேலை இது.

அந்த வாரமே இன்னொன்று நடந்தது. பழைய இடத்தில் இருந்த பல குழுக்கள், "நாங்கள் லிபெராவுக்குப் போகிறோம்" என்று தங்கள் அறை வாசலில் அறிவிப்பு எழுதின. அப்படி எழுதிய நூற்றுக்கணக்கான அறைகளைப் பழைய இடத்தின் புது நிர்வாகம் ஒரே நாளில் எடுத்துக்கொண்டது. இடம் மாறிய கடைக்காரர் பழைய கதவில் புது விலாசம் ஒட்டுவது நம் வழக்கத்தில் மரியாதை. அதைக் கிழித்ததோடு கதவையும் பூட்டினால் வாடிக்கைக்காரர் என்ன நினைப்பார்? இன்னும் யோசித்துக்கொண்டிருந்தவர்களும் மூட்டை கட்டினார்கள். ஜூன் மாதத்தில் பழைய இடத்தின் நிர்வாகம் சர்வர் மென்பொருளையே மாற்றி, இருபது ஆண்டுப் பேரேட்டையும் விட்டுவிட்டு வெறும் ஏட்டோடு தொடங்கியது. அதன் பிறகு பழைய இடத்திலேயே இருந்தவர்களும் புதிதாகப் பதிய வேண்டியதாயிற்று. எப்படியும் புதிதாகப் பதியத்தான் வேண்டுமென்றால் எங்கே பதிவார்கள்? சில மாதங்களில் கூட்டம் லிபெராவில் இருந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

லிபெராவை அவர்கள் சுவீடனில் லாப நோக்கமில்லாச் சங்கமாகப் பதிந்திருக்கிறார்கள். நடத்தும் தொண்டர்களே அதன் உறுப்பினர்கள், ஆளுக்கு ஒரு ஓட்டு. செலவு நன்கொடையில் நடக்கிறது. ஒருவர் கையெழுத்தில் இனி அது கைமாற முடியாது. நமது மாநிலத்தில் 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் நாம் செய்துகொள்ளும் ஏற்பாட்டைப் போன்றதுதான் இது.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். வாட்ஸ்அப் குழு போதும் என்பவர்களைக் கேட்கிறேன்: அந்தக் குழு யார் நம்பரில் இருக்கிறது? பக்கத்து ஊர்ச் சங்கம் ஒன்றில் குழுவை நடத்தி வந்தவர் தேர்தலில் தோற்ற அன்று இரவே எதிரணியினர் அத்தனை பேரையும் நீக்கிவிட்டார். மறுநாள் துவரம்பருப்பு விலை தெரியாமல் பாதிப் பேர் ஆளுக்கு ஆள் போன் போட்டார்கள். இத்தனை ஆண்டு விலை விவரமும் அந்தக் குழுவோடு போயிற்று. தவிர, அந்தக் குழுவில் 1024 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. நம் சங்கத்தில் சில்லறைக் கடைக்காரர்களையும் சேர்த்தால் அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிடும்.

கம்பெனியிடம் ஒப்படைப்போம் என்பவர்களுக்கு: கம்பெனி வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சிறிய சர்வர் மாதம் ஆயிரம் ரூபாய்க்குள் வாடகைக்குக் கிடைக்கிறது, கணினியை நாம் வாங்கி அலுவலகத்தில் வைத்துத் தூசி தட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் இணைய முகவரி சங்கத்தின் பெயரில், சங்கத்தின் மின்னஞ்சலில், சங்கத்தின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் கட்டிப் பதிவாக வேண்டும். அமைத்துக் கொடுக்கும் பையனின் பெயரில் பதிந்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் எல்லா ஊரிலும் நடக்கிறது. பையன் நல்லவன்தான். நாளைக்கே அவனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டால், ஆண்டுச் சந்தா கட்டாமல் முகவரி காலாவதியானால், யாரைக் கேட்பது?

கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. சங்கத்தின் இரும்புப் பெட்டிக்கு இரண்டு சாவி வைத்து, தலைவரிடம் ஒன்று பொருளாளரிடம் ஒன்று என்று பிரித்திருக்கிறோம் அல்லவா, அதே முறை. உறுப்பினர் பேரேட்டின் நகலும் விலைப் பட்டியலின் நகலும் மாதம் ஒருமுறை தனியாக எடுக்கப்பட்டுச் சங்க அலுவலகத்தில் இருக்க வேண்டும். ஃபிரீநோடு தொண்டர்களுக்கு இல்லாமற்போன பேரேடு நமக்கு இருந்தால், எந்தச் சர்வர் போனாலும் இன்னொன்றில் ஒரு நாளில் கடை திறக்கலாம்.

கடைசியாக அந்த நான்கு இளைஞர்களைப் பற்றி. சம்பளம் வேண்டாம் என்கிறார்கள், சரி. அதற்காகச் செலவும் அவர்கள் கையிலிருந்து போக வேண்டுமா? வாடகை, போக்குவரத்து, போன் பில் எல்லாவற்றுக்கும் ரசீது வாங்கிச் சங்கம் கொடுக்க வேண்டும். சீசன் நேரத்தில் விலை வரவில்லை என்று நடு ராத்திரி அவர்களைப் போனில் திட்டும் உறுப்பினர்களுக்குச் செயலாளர் முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும். சர்வர் சம்பந்தமான முடிவுகளைச் செயற்குழு எடுக்கும்போது அவர்களில் ஒருவருக்காவது ஓட்டுரிமையோடு இடம் கொடுக்க வேண்டும். வேலை செய்பவர்களுக்குத் தெரியாமல் மேலே ஒப்பந்தம் நடந்ததால்தான் அங்கே அத்தனை பேரும் ஒரே நாளில் எழுந்து போனார்கள்.

இந்தத் திருத்தங்களை எழுத்து மூலம் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். ஆட்சேபணை உள்ள அன்பர்கள் பொதுக்குழுவுக்கு முன்பே என் மண்டிக்கு வந்தால் பேசலாம். மாலை நான்கு மணிக்கு மேல் லாரி லோடு இறங்கி முடிந்துவிடும்.