மணமுறிவு விரையட்டும், பிள்ளையின் நேரம் முதலில் எழுதப்படட்டும்

ஹைதராபாத்தின் உப்பலில் குடியிருந்து, மெட்ரோவில் ஹைடெக் சிட்டிக்கு வேலைக்குப் போய்வரும் தமிழ்த் தம்பதிகள் பலருக்குக் கல்யாணம் மதுரையிலோ சேலத்திலோ நடந்திருக்கும். உறவு முறியும்போது மனைவி பிள்ளையோடு தாய்வீட்டுக்குப் போவார். கணவர் இங்கே மனு போடுவார். திருமணச் சட்டத்தில் 2003-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே மனு போடலாம். ஆக, ஒரே வீட்டுக்கு இரண்டு மாநிலங்களில் வழக்கு. ஒவ்வொரு வாய்தாவுக்கும் யாராவது ஒருவர் இரவு ரயில் ஏறியாக வேண்டும். இந்தக் குடும்பங்களை மனத்தில் வைத்தே உப்பல் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களின் சங்கம் தன் நிலைப்பாட்டை முன்வைக்கிறது.

பிரிய நினைக்கும் தம்பதியருக்குச் சட்டம் இளகியிருப்பதைச் சங்கம் வரவேற்கிறது. பரஸ்பர சம்மத விவாகரத்துக்கான ஆறு மாதக் காத்திருப்பு கட்டாயமில்லை என்று 2017 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. திரும்பச் சேர வழியே இல்லாத மண வாழ்வை உச்ச நீதிமன்றம் தானே முடித்துவைக்கலாம் என்று 2023 மே 1 அன்று அதன் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

ஜீவனாம்சத்திலும் நல்ல மாற்றங்கள் வந்திருக்கின்றன. உச்ச நீதிமன்றத்தின் 2020 நவம்பர் தீர்ப்புக்குப் பின், கணவனும் மனைவியும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். மனு போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்கிடப்படும். தெலங்கானாவிலிருந்து சென்ற வழக்கு ஒன்றில், விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் பொதுச் சட்டத்தின்கீழ் ஜீவனாம்சம் கேட்கலாம் என்பதை 2024 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதே மாதம் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வயதான பெற்றோருக்கும் ஒரு கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. மகன் ஹைதராபாத்தில் இருந்தாலும், தாயோ தகப்பனோ தாங்கள் வசிக்கும் ஊரிலேயே ஜீவனாம்ச மனு போடலாம். இது இன்னும் பலருக்குத் தெரியாது.

பிள்ளை விஷயத்தில்தான் சட்டம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பாதுகாவலர் சட்டம் 1890-இல் எழுதப்பட்டது. தாய், தகப்பன் இருவரும் கூட்டாகப் பொறுப்பேற்க வழிசெய்யும் திருத்தங்களைச் சட்ட ஆணையம் 2015 மே மாதம், தன் 257-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அவற்றைச் சட்டமாக்கவில்லை.

ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்ய 2017 தீர்ப்பு விதித்த நிபந்தனைகளில் ஒன்று, பிள்ளையின் பொறுப்பு பேசித் தீர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்பது. ஒப்பந்தத்தில் "நியாயமான நேரங்களில் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் அது தீர்ந்ததாகாது. எது நியாயமான நேரம்? உப்பலில் படிக்கும் பிள்ளைக்கு நீண்ட விடுமுறை தசராவுக்கு. தமிழ்நாட்டில் படித்தால் அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசியில். பொங்கல் யாரோடு, தீபாவளி யாரோடு, ரயில் செலவு யாருடையது, தாத்தா பாட்டி எப்போது பார்ப்பது என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விவாகரத்து முடிந்த பிறகும் சண்டை முடியாது. பிள்ளை உடனில்லாத பெற்றோர் தினமும் ஐந்து பத்து நிமிடமாவது பிள்ளையோடு பேச வாய்ப்பு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. அந்த நேரமும் ஒப்பந்தத்திலேயே குறிக்கப்படட்டும்.

அலைச்சலுக்கும் ஒரு முடிவு வேண்டும். ஜபல்பூரில் கணவர் போட்ட வழக்கை ஹைதராபாத்துக்கு மாற்றக் கோரி ஒரு பெண் உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கில்தான் 2017 மார்ச்சில் காணொலி விசாரணைக்கு வழி பிறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் பெரிய அமர்வு அதைச் சுருக்கியது: சமரசம் தோற்ற பிறகே, இருவரும் சம்மதித்தால் மட்டுமே காணொலி என்றது. குடும்ப வழக்கின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும் என்ற அந்த அமர்வின் கவலையைச் சங்கம் மதிக்கிறது. ஆனால் கைக்குழந்தையோடு வர வேண்டிய தாய்க்கும், லீவு கிடைக்காத தகப்பனுக்கும், வெறும் வாய்தா நாட்களிலாவது காணொலி உரிமையாக வேண்டும்.

257-ஆவது அறிக்கையை நாடாளுமன்றம் கையிலெடுக்க வேண்டும் என்றும், பிள்ளைக்கான நேர அட்டவணை இல்லாத சம்மத ஒப்பந்தத்தைக் குடும்ப நீதிமன்றங்கள் திருப்பி அனுப்ப வேண்டும் என்றும் சங்கம் கேட்டுக்கொள்கிறது. பிரியத் தீர்மானித்திருக்கும் பெற்றோர் வக்கீலைப் பார்க்கப் போகும்போதே அந்த அட்டவணையை எழுதி எடுத்துச் செல்லுங்கள்.