கீபோர்டு கற்க வயது கடந்துவிட்டதா?

வளர்ந்தபின் கீபோர்டு கற்கத் தொடங்கும் எவரும் தவறாமல் கேட்கும் சொல், "இதையெல்லாம் ஐந்து வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும்" என்பதாகும். இதற்குச் சான்றாகப் பலர் மொழியியலைக் காட்டுவதால், அத்துறையின் மாணவர் என்ற முறையில் மறுமொழி கூற விரும்புகிறேன்.

மொழியை இயல்பாக ஈட்டும் திறன் பூப்புப் பருவத்தோடு குறைந்துவிடுகிறது என்ற கருதுகோளை எரிக் லென்னபெர்க் 1967இல் விரிவாக முன்வைத்தார். அது முதன்மையாக முதல்மொழியைப் பற்றியது. இரண்டாம் மொழிக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதில் அறிஞர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. உச்சரிப்பில் இறுதியில் குழந்தைகளே முந்துகின்றனர். ஆனால் இலக்கணத்தைப் பற்றிக்கொள்வதில் தொடக்கக் கட்டத்தில் பெரியவர்கள் விரைவாக முன்னேறுகின்றனர்.

இசையிலும் ஏறத்தாழ இதே நிலைதான். ஒலியைக் கேட்டவுடன், வேறு ஒப்பீடின்றி அதன் சுரப்பெயரைச் சொல்லும் திறன் பெரும்பாலும் இளமையில் பயின்றோர்க்கே வாய்க்கிறது. இரு சுரங்களுக்கு இடையிலான தொலைவை உணரும் திறனையோ எந்த வயதிலும் வளர்க்கலாம். பாட்டு வாசிக்கத் தேவைப்படுவது இந்த இரண்டாவது திறனே.

இலக்கணம் வழியே கற்பவர்க்குக் கீபோர்டு மிக இணக்கமான கருவி. 'சி'யில் தொடங்கி வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசித்தால் சங்கராபரணத்தின் சுரங்கள் கிடைக்கும். அதே கட்டைகளை 'டி'யில் தொடங்கினால் கரகரப்பிரியா, 'ஈ'யில் தோடி, 'எஃப்'பில் கல்யாணி, 'ஜி'யில் அரிகாம்போதி, 'ஏ'யில் நடபைரவி. 'பி'யில் தொடங்கினால் பஞ்சமம் இன்றி இரு மத்திமங்கள் வந்து நிற்கும். ஆகவே அங்கு மேளகர்த்தா இல்லை. 'எஃப் ஷார்ப்'பிலிருந்து 5 கருப்புக் கட்டைகளை மட்டும் வாசித்தால் மோகனம். இவை வெறும் சுர வரிசைகளே. நிலைத்த கட்டைகளில் கமகம் எளிதில் வராது. ஆயினும் கிரகபேதம் என்னும் இக்கருத்தைக் குழந்தைக்கு விளக்குவது அரிது. பெரியவரோ ஒரே மாலையில் புரிந்துகொள்வார்.

தானே கற்பதில் இடர்களும் உண்டு. திரையில் விழும் வண்ணக் கோடுகளைப் பின்பற்றி வாசிக்கும் காணொளிகளால் ஒரு பாட்டு வரும். அடுத்த பாட்டுக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பயணக் கையேட்டின் 10 வாக்கியங்களை மனப்பாடம் செய்தவர், பதினோராவதைச் சொல்ல இயலாமல் நிற்பதைப் போன்றது இது. எல்லாவற்றையும் 'சி'யிலேயே வாசித்துவிட்டு டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்துவதும் அத்தகையதே. நன்கறிந்த பாட்டொன்றின் முதலடியைக் காதால் தேடிக் கண்டுபிடியுங்கள். பின் அதையே வேறு இரு சுருதிகளில் வாசித்துப் பாருங்கள். விரல்முறையை மட்டும் தொடக்கத்திலேயே செம்மையாகப் பழக வேண்டும். வலக்கை 'சி'யிலிருந்து மேலேறுகையில், நடுவிரல் 'ஈ'யில் நிற்க, பெருவிரல் அதன் அடியில் நுழைந்து 'எஃப்'பைத் தொட வேண்டும். அறிந்தவர் ஒருவரிடம் அவ்வப்போது காட்டித் திருத்திக்கொள்வது நலம்.

இனி, அந்த "ஐந்து வயது" யாருக்கு வாய்த்தது என்றும் கேட்க வேண்டும். வீட்டில் கருவி இருந்தவர்க்கு. கட்டணம் செலுத்த இயன்றவர்க்கு. இசை தமக்குரியது என்று ஐயமின்றி நம்பிய குடும்பங்களில் பிறந்தவர்க்கு. தில்லியிலும் ஐதராபாத்திலும் விடுதி அறைகளில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு 61 கட்டைக் கருவியில் பழகும் முதல் தலைமுறை ஆய்வாளர்களுக்கு, அந்த வாய்ப்பு உதவித்தொகையோடுதான் வருகிறது. அவர்களிடம் காலம் கடந்துவிட்டது என்று சொல்வது, பிறப்பால் அமைந்த வசதியை இயற்கை விதியாக்கிக் காட்டுவதாகும். மொழியியல் அதற்குத் துணைநிற்கவில்லை.

தயங்கிக்கொண்டிருக்கும் நண்பர்கள் நாள்தோறும் 20 நிமிடம் ஒதுக்குங்கள். மேடை ஏறுவது நோக்கமாக இருக்க வேண்டியதில்லை. விரும்பிய பாட்டைத் தம் கையால் வாசிப்பதே போதிய காரணம்.