இரண்டு பேர் உழைப்பு, ஒருவருக்குப் பரிசு!

கட்டிடக் கலைஞர் என்றதும் என்ன படம் மனதில் வருகிறது? கறுப்புச் சட்டை, வட்டக் கண்ணாடி, கையில் பென்சிலோடு தனியாக யோசிக்கும் ஓர் ஆண். இந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு மாட்டியதில் பிரிட்ஸ்கர் பரிசுக்குப் பெரிய பங்கு உண்டு. 1979 முதல் தரப்படும் இதை, கட்டிடக்கலையின் நோபல் என்பார்கள்.

1991-ல் அது அமெரிக்காவின் ராபர்ட் வென்ச்சூரிக்குக் கிடைத்தது. தகுதியானவர்தான், சந்தேகமில்லை. ஆனால் டெனிஸ் ஸ்காட் பிரவுன் எங்கே?

அவர் வென்ச்சூரியின் மனைவி. அதை விடுங்கள். 1969 முதல் அவர் அந்த நிறுவனத்தின் பங்குதாரர். லாஸ் வேகாஸின் விளம்பரப் பலகைகளைக் கேலி செய்யாமல் அவற்றிலிருந்து பாடம் படியுங்கள் என்று சொல்லி, 1972-ல் வந்த புகழ்பெற்ற புத்தகத்தில் மூன்று பெயர்கள் இருக்கின்றன: வென்ச்சூரி, ஸ்காட் பிரவுன், ஸ்டீவன் ஐஸனூர். வென்ச்சூரியை அந்த ஊருக்கு அழைத்துப் போனதே ஸ்காட் பிரவுன்தான். பரிசுக் குழுவின் பாராட்டுரையிலும் அவர் பெயர் வருகிறது. பாராட்டுரையில் இடமுண்டு, பரிசில் இல்லை. இது என்ன நியாயம்?

"பரிசு தனிநபருக்குத்தான்" என்று சிலர் வாதாடுகிறார்கள். அப்படியானால் 1988-ல் ஆஸ்கர் நீமேயரும் கார்டன் பன்ஷாஃப்டும் பகிர்ந்துகொண்டது எப்படி? அவர்கள் ஒரே அலுவலகம்கூட இல்லையே! 2001-ல் ஹெர்சாக், டி மியூரான் இருவருக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2017-ல் மூன்று பேருக்கு. ஆக, தடை விதியில் இல்லை, பார்வையில்தான்.

2013-ல் ஹார்வர்ட் மாணவிகள் தவறைத் திருத்தச் சொல்லி மனு எழுதினார்கள். ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். வென்ச்சூரியும் போட்டார். பழைய குழுவின் முடிவில் புதிய குழு கை வைக்க முடியாது என்று பதில் வந்தது. அதே வருடம் அமெரிக்கக் கட்டிடக் கலைஞர் கழகம், சேர்ந்து உழைக்கும் இருவருக்குத் தங்கப் பதக்கம் தரும்படி தன் விதியையே மாற்றியது. 2016-க்கான பதக்கம் இந்த இருவருக்கும் போனது. மனமிருந்தால் மார்க்கம் உண்டு.

பி.காம். மாணவர்களுக்குத் தெரிந்த பாடம்தான் இது. கூட்டு வியாபாரத்தில் பங்கு விகிதம் பேசி வைக்காவிட்டால் லாபம் சரிசமம். மளிகைக் கடைக்கே இதுதான் சட்டம். கலைக்கு மட்டும் வேறு கணக்கா?

ஒரு கட்டிடத்தை வரைபவர், கம்பிக் கணக்குப் போடுபவர், நகரத்தைப் படிப்பவர் என்று பலர் சேர்ந்துதான் எழுப்புகிறார்கள். அடுத்த முறை "இது யார் கட்டியது?" என்று கேட்காதீர்கள். "யார் யார் கட்டியது?" என்று கேளுங்கள்.