சுருள் இறகும் சுரண்டல் வியாபாரமும்

இறகு சுருண்ட நாட்டுக்கோழியை "அபூர்வ ஜாதி" என்று புகழ்ந்து, சேவலும் பெட்டையுமாக ஜோடி சேர்த்து ஏழை விவசாயத் தொழிலாளியின் தலையில் கட்டுகிறார்கள் சில வியாபாரிகள். பிறகு நடப்பதென்ன? சராசரியாக நாலு குஞ்சில் ஒன்றுக்கு இறகு நொறுங்கி உதிர்கிறது. குளிரிலும் மழையிலும் அது வாடுகிறது. கூலிக்காசு போச்சு! கேட்டால், "உன் தலைவிதி" என்று பதில்!

விதியல்ல, தோழர்களே! இது பரம்பரைக் கூறு செய்யும் வேலை. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகச் சுருள் கூறு இரட்டித்தால்தான் இந்தக் கேடு. சுருள் சேவலோடு சாதாரண இறகுப் பெட்டையைச் சேருங்கள். ஏறக்குறையப் பாதிக் குஞ்சு சுருளாகும், பாதி சாதாரணமாகும். நொறுங்கும் இறகு வராது. இரண்டு சுருளை ஜோடியாக விற்பவனுக்கு இந்தக் கணக்கு தெரியாதா?

சுருள் இறகு வெறும் குறையுமல்ல. வெயில் காலத்தில் உடற்சூடு வெளியேற அது உதவுகிறது. இஸத்நகர் மத்திய பறவை ஆராய்ச்சி நிலையம் இதைக் கொண்டே "உப்காரி" என்ற கோழியை உருவாக்கியது. மக்கள் வரிப்பணத்தில் விளைந்த விஞ்ஞானம் மக்களுக்கே சொந்தம்!

ஒவ்வொரு கால்நடை மருந்தகத்திலும் இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமென்று சங்கம் சேர்ந்து கேட்போம். நம் அறியாமையை மூலதனமாக்கியவர்களின் கடை அன்றே காலியாகும்!