இழை அறிந்து உடுத்துக

தீபாவளிக்குத் துணி எடுக்கும்போது பலர் பளபளப்பைக் கண்டே முடிவு செய்கின்றனர். அது தவறு. துணியின் இழையைச் சோதித்து அறிதலே சிறந்தது.

துணியின் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, இடுக்கியால் பிடித்துச் சுடரில் காட்ட வேண்டும். பருத்தி விரைந்து எரியும். காகிதம் எரியும் மணம் எழும். மென்மையான சாம்பல் எஞ்சும். பட்டும் கம்பளியும் மெல்ல எரியும். முடி கருகும் நாற்றம் வீசும். பாலியெஸ்டரும் நைலானும் சுருங்கி உருகும். ஆறியபின் கெட்டியான மணியாகும்.

ரேயானோ பருத்தியைப் போலவே எரியும். ஆனால், நீரில் நனைத்து இழுத்தால் ரேயான் எளிதில் அறும். பருத்தி நனைந்தால் வலுப்பெறும். ஆகவே, ஒரே சோதனையைக் கொண்டு முடிவு கூறலாகாது.

இவ்வறிவு பணத்தை மட்டுமன்றி உடலையும் காக்கும். தீப்பொறி விழுந்தால் பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், புண் ஆழமாகும். எனவே, பட்டாசு வெடிக்கும் சிறுவர்க்குப் பருத்தி உடையே ஏற்றது. பருத்தியும் தீப்பற்றும், ஆதலால் அவ்வுடை தொங்கலின்றி இருத்தல் வேண்டும்.

இச்சோதனையைப் பெரியோர் முன்னிலையில், அருகில் நீர் வைத்துக்கொண்டே செய்தல் வேண்டும்.