"வந்து எடுத்துச் செல்லவும்" என்று எழுதுவதற்கு முன்



கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரலாம். வாசித்து முடித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

அண்மையில் நாங்கள் வாடகை வீட்டிலிருந்து உம்மாவின் வீட்டுக்கு மாறினோம். அங்கே ஏற்கனவே தளபாடங்கள் இருந்தன. அதனால் மூன்று கதவு அலுமாரி ஒன்று, சாப்பாட்டு மேசையும் ஆறு கதிரைகளும், ஒரு தையல் மெஷின், சின்னவள் படுத்த தொட்டில் எல்லாம் மிச்சமாகின. விற்றிருக்கலாம். "இல்லாதவங்க யாராவது எடுக்கட்டும்" என்று வீட்டில் இருவரும் முடிவெடுத்தோம். துடைத்து, படம் எடுத்து, ஊர் வட்ஸ்அப் குழுவில் போட்டோம். "இலவசம். வந்து எடுத்துச் செல்லவும்." அவ்வளவுதான் எழுதினோம்.

அந்த இரண்டு வரிக்கு மூன்று கிழமை அலைக்கழிந்தோம்.

"இன்னும் இரிக்கா டீச்சர்?" என்று முதல் அரை மணித்தியாலத்திலேயே பத்துப் பதினைந்து பேர். இருக்கிறது என்று பதில் போட்டால் மறுபக்கம் மௌனம். "வேற கலர்ல இல்லியா?" என்று ஒருவர். கடை நடத்துகிறோம் என்று நினைத்தார் போலும். "வீட்டுக்குக் கொண்டு வந்து தருவீங்களா? மாடியில வைக்கணும்" என்று இன்னொருவர். ஒரு காக்கா பட்டா லொறியோடு வந்து, அலுமாரியைத் திறந்து மூடிப் பார்த்து, "கண்ணாடி இல்லியே" என்று சொல்லிவிட்டு வெறும் லொறியோடு போனார். மேசை கதிரையை "ஒரு ஏழைக் குடும்பத்துக்கு" என்று சொல்லி ஏற்றிப் போனார் ஒரு தம்பி. நான்காம் நாள் அதே மேசை, எங்கள் வீட்டு விறாந்தையில் நாங்கள் எடுத்த அதே படத்தோடு, விற்பனைக் குழு ஒன்றில் 18,000 ரூபாய்க்கு நின்றது. வேறு படம் எடுக்கும் சிரமத்தைக்கூட அவர் எடுக்கவில்லை.

தொட்டிலை ஒரு ராத்தா கேட்டார். "எனக்கு எடுத்து வைங்க, நாளைக்கு வாறன் இன்ஷா அல்லாஹ்." எடுத்து வைத்தோம். பிறகு கேட்ட மூன்று பேருக்கு, கொடுத்தாயிற்று என்றோம். அவர் வரவில்லை. கோல் எடுத்தால் பதில் இல்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாமே. வரப்போவதில்லை என்று மனதில் தீர்மானித்துக்கொண்டு இன்ஷா அல்லாஹ் சொல்வதை நாம் எப்போது பழகினோம்? அல்லாஹ்வின் நாட்டத்தை நம்புகிறவர் சொல்லும் வார்த்தை அது. நாம் அதை, இல்லை என்று சொல்லக் கூச்சப்படுகிறவர் ஒளியும் கதவாக ஆக்கிவிட்டோம்.

இதுவரை வாசித்தவர்கள் "சும்மா குடுத்தா மதிக்கமாட்டாங்க டீச்சர்" என்று கொமன்ட் போடத் தயாராக இருப்பீர்கள். நாங்களும் அதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தோம், ஓர் இரவு வரும்வரை.

இஷா முடிந்து நேரமாகியிருந்தது. பின்பக்கக் கேற்றில் யாரோ மெதுவாகத் தட்டினார்கள். கையில் குழந்தையோடு ஒரு பிள்ளை, பக்கத்தில் அவளது உம்மா. முன்வாசலால் வரவில்லை, வெளிச்சத்தில் வரவில்லை. "டீச்சர், தொட்டில் ஒண்டு குடுக்கிறீங்களாம். போயிட்டா?" வேறு ஒருவருக்குச் சொல்லிவிட்டோம், அவர் நாளைக்கு எடுப்பார் என்றோம். "பரவாயில்ல டீச்சர்" என்று சொல்லிப் போய்விட்டாள். தொட்டில் அப்போது எங்கள் விறாந்தையிலேயே இருந்தது. அதற்குப் பிறகும் இரண்டு கிழமை இருந்தது, மழைச்சாரலில் கால்கள் ஊறும்வரை. அவளுடைய பெயரையோ வீட்டையோ நாங்கள் கேட்டு வைக்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

அன்றைக்குத்தான் உறைத்தது. எங்களை அலைக்கழித்தவர்களும் அவளும் ஒரே ஆட்கள் அல்லர். நாம் இரு சாராரையும் ஒரு கோணியில் போட்டு, "நம்மட சனம் மதிக்காது" என்று வாயைக் கட்டிவிடுகிறோம். வட்ஸ்அப்பில் முந்திக்கொண்டவர்கள் யார்? கையில் நல்ல போனும் டேட்டாவும் உள்ளவர்கள். லொறி பிடிக்க வசதியுள்ளவர்கள். பகலில் வந்து பார்த்து, பிடிக்கவில்லை என்று போக நேரமுள்ளவர்கள். அதாவது நம்மைப் போன்றவர்கள். நாங்கள் அலுத்துக்கொண்டதும் நம்மைப் போன்றவர்களைப் பற்றித்தான். பழி மட்டும் ஏழைகளின் தலையில்.

"வந்து எடுத்துச் செல்லவும்" என்ற வரியை நிதானமாகப் பாருங்கள். அலுமாரி இலவசம். ஆனால் லொறிக்கு வாடகை, தூக்குவதற்கு இரண்டு ஆள், ஒரு நாள் கூலி இழப்பு. கடலுக்குப் போகிறவரும் மேசன் வேலைக்குப் போகிறவரும் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு வாய் திறக்காமல் இருந்துவிடுவார்கள். இருநூறு பேர் பார்க்கும் குழுவில் "எனக்கு வேணும்" என்று எழுதுவதற்கு மானத்தையும் செலவழிக்க வேண்டும். நாங்கள் யாருக்குக் கொடுக்க நினைத்தோமோ, அவர்களைத்தான் அந்த ஒரு வரியால் கேற்றுக்கு வெளியே நிறுத்தினோம்.

மேசையை விற்ற தம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. உண்மையிலேயே இல்லாத ஒருவர், கிடைத்த பொருளை விற்று அரிசி வாங்கினால் அதில் எங்களுக்குக் கோபமில்லை. 2022 செப்டம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை எட்டிப் பிடித்த நாடு இது. அந்த அடியிலிருந்து பல குடும்பங்கள் இன்னும் எழும்பவில்லை. கொடுத்த பொருளுக்கு நாம் காவலாளி இல்லை. ஆனால் ஏழையின் பெயரைச் சொல்லி வாங்கி, தனக்கு வியாபாரம் பார்ப்பது வேறு. அதற்கு ஊரில் ஒரு பெயர் இருக்கிறது. அதை இங்கே எழுத விரும்பவில்லை.

இனிக் கொடுப்பவர்களாகிய நம் பக்கம்.

2004 சுனாமியின்போது எங்கள் வயதுக்காரர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். கடற்கரைப் பக்கம் வீடிழந்த நாங்கள் முகாமில் இருந்தோம். மூட்டை மூட்டையாகப் பழைய உடுப்பு வந்தது. வியர்த்துக் கொட்டும் இந்த மண்ணுக்குக் கம்பளிக் கோட்டு வந்தது. யாருக்கும் ஆகாத உடுப்பெல்லாம் மழையில் நனைந்து குவியலாகக் கிடந்தது. அள்ளித் தந்த நல்ல மனிதர்களையும் மறக்கவில்லை, அந்தக் குவியலையும் மறக்கவில்லை. வாங்கும் பக்கத்தில் நின்று பார்த்த ஊர் நமது ஊர்.

ஆனால் 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து, மலையகத்தில் மண் சரிந்து வீடுகள் புதைந்தபோது, நமது ஊரில் சேர்த்த பொருட்களைத் தரம் பிரிக்க உட்கார்ந்தோம். பாதி நல்ல பொருள். அல்ஹம்துலில்லாஹ். மீதியில் ஒற்றைச் சப்பாத்து, ஸிப் போன காற்சட்டை, மூடியில்லாத பிளாஸ்க், கறை காயாத தலையணை. அனுப்பியவர்கள் இல்லாதவர்கள் அல்லர். வீட்டைத் துப்புரவாக்க ஒரு சாட்டு கிடைத்தவர்கள். பள்ளிவாசல் விறாந்தையில் ஜக் இல்லாத பிளெண்டரை வைத்துவிட்டுப் போவதும், மத்ரசாவுக்குக் கிழிந்த மெத்தையை அனுப்புவதும் இந்த வகைதான். அது சதகா இல்லை. குப்பை வண்டி வரும்வரை பொறுக்க முடியாமல் செய்த வேலை.

நமக்கு ஒருவர் தந்தால் முகம் சுளித்துக்கொண்டு வாங்குவோமே, அப்படிப்பட்டதைத் தேடிப் பிடித்துக் கொடுக்க வேண்டாம் என்பதுதான் சூரா பகராவின் 267ஆம் வசனம் சொல்லும் விஷயம். ஜும்ஆவில் எத்தனை தரம் கேட்டிருக்கிறோம்.

எங்கள் பிழையையும் சொல்லிவிடுகிறோம். வகுப்பில் ஒரு மாணவனுக்குச் சப்பாத்து இல்லை என்று, வசதியான பிள்ளை ஒருவனின் வீட்டில் கேட்டு, நல்ல நிலையில் இருந்த ஒரு சோடியை வாங்கிக் கொடுத்தோம். இரண்டாம் நாள் இடைவேளையில் அந்தப் பிள்ளை எல்லாருக்கும் முன்னால், "அது என்ட சப்பாத்து" என்று விரலை நீட்டினான். கெட்ட பிள்ளை இல்லை, உண்மையைத்தான் சொன்னான். மற்ற நாள் மாணவன் செருப்போடு வந்தான். சப்பாத்து எங்கே என்று கேட்டதற்கு, "காலுக்குச் சின்னம் டீச்சர்" என்றான். சின்னம் இல்லை என்று அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஒரே வகுப்புக்குள் கொடுக்க வைத்தது எங்கள் மடத்தனம். பொருள் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது என்று அந்தப் பிள்ளைதான் எங்களுக்குப் படிப்பித்தான்.

"அப்ப குடுக்காம எறியிறதா?" என்று கேட்பீர்கள். எறிவது எங்கே போகிறது என்று நமது மாவட்டத்தில் கேட்க வேண்டியதில்லை. பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் நின்று பிளாஸ்டிக் தின்னும் படத்தை உலகமே பார்த்தது. எட்டு வருடத்தில் ஏறத்தாழ 20 யானைகள் அப்படிச் செத்தன என்று 2022 ஜனவரியில் செய்தி வந்தது. அந்த மேட்டில் நமது ஊர்களின் குப்பையும் இருக்கிறது.

ஆகவே கொடுக்கத்தான் வேண்டும், ஒழுங்காக.

உடைந்ததைப் பழைய இரும்புக்காரருக்கு விற்றுவிட்டு, அந்தக் காசைக் கொடுங்கள். திருத்தக்கூடியதைத் திருத்திவிட்டுக் கொடுங்கள். உடுப்பைத் தோய்த்து, மடித்து, பொத்தான் தைத்துக் கொடுங்கள். லொறி வாடகையையும் சதகாவோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள், அது இல்லாமல் அலுமாரி போய்ச் சேராது. குழுவில் போடுவதற்கு முன் தெரிந்தவரிடம் கேளுங்கள். எந்த வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்று மிட்வைப் மிஸ்ஸுக்குத் தெரியும். எந்தப் பிள்ளை தரையில் இருந்து படிக்கிறது என்று வகுப்பாசிரியருக்குத் தெரியும். கொடுத்த பிறகு படம் எடுக்காதீர்கள், கொடுத்த கதையைச் சொல்லித் திரியாதீர்கள்.

எடுப்பவர்களுக்கும் ஒன்று. வேண்டாம் என்றால் சொல்லிவிடுங்கள். நீங்கள் மறித்து வைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால், இருட்டில் வந்து வெறுங்கையோடு திரும்பும் ஒருவர் இருக்கிறார்.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடம் ஒரு கோரிக்கை. பூட்டிக் கிடக்கும் ஓர் அறையைத் தாருங்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை திறப்போம். ஆசிரியர்கள் சிலர் வந்து தரம் பிரிக்கிறோம். எல்லாப் பொருளுக்கும் நூறு, இருநூறு என்று ஒரு சின்ன விலை வைப்போம். அதுவும் முடியாதவருக்குத் தனியாகப் பார்ப்போம். விலை கொடுத்து வாங்குகிறவர் நன்றி சொல்லத் தேவையில்லை, தலை குனியத் தேவையில்லை, பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டும் போகலாம். சேரும் காசு லொறிக்கு.

தையல் மெஷின் மிட்வைப் மிஸ் சொன்ன ஒரு வீட்டுக்கு நாங்களே ஓட்டோவில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம். ஒரு கோல், இருபது நிமிடம். மூன்று கிழமை அலைந்திருக்கத் தேவையில்லை.

தொட்டிலின் கால்களை மாற்றிப் பொலிஷ் அடித்து வைத்திருக்கிறோம். அந்தப் பிள்ளை யாரென்று தெரிந்தால் இங்கே கொமன்டில் எழுத வேண்டாம். அவளிடம் மட்டும் சொல்லுங்கள், தொட்டில் போகவில்லை என்று. வீட்டை நீங்கள் காட்டினால் போதும், நாங்களே கொண்டு வருகிறோம்.

வஸ்ஸலாம்.