பஞ்சாயத்து ஓட்டைத் தள்ளிப்போட்டது யார்?

கார்த்திகை வந்தால் திருவண்ணாமலை மலைமேல் கொப்பரை ஏறியே தீரும். பஞ்சாயத்துத் தேர்தல் மட்டும் ஆள்வோருக்குத் தோன்றும்போதுதான் வரவேண்டுமா?

ஐந்தாண்டு முடியுமுன் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்கவேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 243-இ பிரிவு. நடந்தது என்ன?

2016 அக்டோபரில் தேதி குறித்தார்கள். பழங்குடியினருக்கு உரிய ஒதுக்கீடு இல்லை என்று தி.மு.க. வழக்குத் தொடுத்தது. உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்து, டிசம்பர் 31க்குள் தேர்தலை நடத்தச் சொன்னது. அ.தி.மு.க. சர்க்கார் நடத்தவில்லை. நம் ஜில்லாவில் ஓட்டுப்பெட்டி வர 2019 டிசம்பர் ஆயிற்று. மூன்று வருஷம்! பழியை இவர்கள் அவர்கள்மேல் போட்டார்கள். அவர்கள் இவர்கள்மேல் போட்டார்கள்.

பிறகு தி.மு.க. ஆட்சி. 2025 ஜனவரி 5-ல் நம் ஜில்லாவின் 860 ஊராட்சிகளிலும் பதவிக்காலம் முடிந்தது. அதற்குள் தேர்தல் நடந்ததா? இல்லை! வார்டு வரையறை என்றார்கள். நகரங்களோடு இணைப்பு என்றார்கள். மறுபடியும் தனி அதிகாரிகள்! ஒன்றியங்கள் 18. ஒன்றியத்துக்குச் சராசரி 47 ஊராட்சிக்கு மேல். அத்தனை ஊருக்கும் பி.டி.ஓ. கையெழுத்து!

மேடையில் கீரியும் பாம்பும். ஏழையின் ஓட்டைத் தள்ளிப்போடுவதில் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்!

நஷ்டம் யாருக்கு? காண்ட்ராக்டருக்கு ஆபீஸில் ஆள் உண்டு. காலனிக்குத் தண்ணீர் வராவிட்டால் கூலிக்காரன் யாரைப் போய்க் கேட்பான்? பாதி இடம் பெண்களுக்கு என்பது சட்டம். தேர்தலே இல்லாவிட்டால் தாழ்த்தப்பட்ட பெண்ணின் தலைவர் நாற்காலி வெறும் கட்டைதான்.

தட்டிக் கேட்கவேண்டிய மாநிலத் தேர்தல் கமிஷன் என்ன செய்தது? ஒதுக்கீட்டை அறிவிப்பது சர்க்கார். அதற்காகக் கமிஷன் காத்திருந்தது. சர்க்கார் ஒத்துழைக்காவிட்டால் கமிஷன் நீதிமன்றம் போகலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2006-லேயே சொல்லிவிட்டதே! வேலி படுத்துவிட்டால் பயிரை யார் காப்பது?

வேலிக்கு இந்தத் தைரியம் எப்படி வந்தது? எதிரி தள்ளிப்போட்டால் ஜனநாயகப் படுகொலை, நம் தலைவர் தள்ளிப்போட்டால் நிர்வாகக் காரணம் என்று ஜனங்கள் இரண்டு கோஷ்டியாய்ப் பிரிந்து கைதட்டும்வரை, எந்தச் சர்க்காருக்கும் பயமில்லை; எந்தக் கமிஷனுக்கும் முதுகெலும்பு முளைக்காது.

ஆலைத் தொழிலாளர்களே! உங்கள் சங்கத் தேர்தலை முதலாளி தள்ளிப்போட்டால் பொறுப்பீர்களா? விவசாயத் தொழிலாளர்களே! கிராம சபையில் கூடுங்கள். தனி அதிகாரி முன்னாலேயே தீர்மானம் போடுங்கள்: எந்தக் கட்சி ஆண்டாலும், ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல்! கொடியின் நிறம் பார்த்துக் கேட்காதீர்கள். காலண்டரைப் பார்த்துக் கேளுங்கள்!